ஷார்ஜாவுக்கு நாலு விரல் தூரம்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தின் எதிரே, பாய்மரம் டிராவல்ஸில் முப்பது ஆண்டுகள் விமானச் சீட்டுப் பதிந்து, இன்று பணிநிறைவு காணும் எங்கள் மூத்த சகோதரி திருமதி பரிமளா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து படிக்கும் பாராட்டு மடல்

விண்வழியை விரல்வழி அளந்தவரே! வெளிநாடு என்றதும் வெலவெலத்த தாய்மார்க்கு விடை சொன்னவரே! வாசலில் தயங்கி நின்றவரை "வாங்க" என்றும், வம்பளந்து நின்ற எங்களை "வாய மூடுங்க" என்றும் வகையறிந்து வரவேற்றவரே! வணக்கம்!

இப்படியே நான்கு பக்கம் போகலாம். அச்சகத்தில் கேட்டபோது அப்படி ஒரு மடல் தயாராகவே இருந்தது. "பேர மட்டும் சொல்லுங்க, மத்தியானத்துக்குள்ள சட்டம் போட்டுத் தாரேன்" என்றார் அச்சகக்காரர். வாங்கிப் படித்தோம். "மாணவச் செல்வங்களின் மங்காத விளக்கே" என்று இரண்டாம் வரி விளித்தது. நம் கடையில் மாணவச் செல்வங்கள் எவரும் இல்லை. மங்கிய விளக்கு ஒன்று உண்டு. அந்த டியூப்லைட்டை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்கத் தொடங்கிய காலத்தில் வைஷ்ணவி மூன்றாம் வகுப்பில் இருந்தாள். இன்று அவளே நம் கடைக் கணினியைக் கட்டி மேய்க்கிறாள். விளக்கு மட்டும் அப்படியே கண்சிமிட்டிக் கொண்டிருக்கிறது. ஆகவே அச்சக மடலை மடித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் அறிவுக்கு எட்டியதை நாங்களே எழுதினோம். எட்டியது குறைவு என்பதை அவை பொறுத்தருள வேண்டும். "தாங்கள்" என்று எழுதிப் பார்த்தோம். வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. எனவே "நீங்கள்" என்றே தொடர்கிறோம்.

தூரம் சொல்வதில் துல்லியமும், துயரம் தொடுவதில் மென்மையும் துணையெனக் கொண்டவரே!

உங்கள் மேசையின் இடப்பக்கம் ஓர் உலக உருண்டை. குடத்து வயிறு அளவு. அதன் பக்கத்தில் தையல்காரர் வைத்திருக்கும் சிவப்பு நூல்கண்டு ஒன்று, சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. மகனையோ கணவனையோ அனுப்பி வைக்க வரும் குடும்பம் எதுவானாலும், சீட்டைக் கையில் வாங்கியதும் ஒரு கேள்வி கேட்கும்: "எம்புட்டுத் தூரம்?" அறந்தாங்கிக்காரர் கேட்டாலும் ஆலங்குடிக்காரர் கேட்டாலும் கேள்வி ஒன்றே. நீங்கள் நூலின் ஒரு முனையைத் திருச்சி மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்துவீர்கள். மறுமுனையைப் போகும் ஊர் வரை விறைப்பாக இழுப்பீர்கள். கத்தரித்து, அந்தத் துண்டைத் தாயின் உள்ளங்கையில் வைப்பீர்கள். "இம்புட்டுத்தான். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு மணி நேரம்னு வச்சுக்கங்க."

உங்கள் உருண்டையில் அந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். மேற்கே ஷார்ஜாவுக்கு நாலு விரல், பறக்க நாலு மணி நேரம். கிழக்கே சிங்கப்பூருக்கும் அதே நாலு விரல்.

"அப்படின்னா புதுக்கோட்டைதான்க்கா உலகத்துக்கே நட்டநடு" என்றார் ஒருநாள், பக்கத்து மேசையில் சீட்டுப் பதியும் நாகராசு.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை போட்டா எல்லாமே நட்டநடுதான். டிக்கெட்ட அடி" என்றீர்கள்.

அந்தச் சிவப்பு நூல் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. சாமி படத்து ஆணியில் தொங்குகிறது. கடுகு டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது. செல்போன் உறைக்குள் செருகி இருக்கிறது. தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்திலும் அதை எவரும் தூக்கி எறிந்ததாகத் தெரியவில்லை.

ஐயம் தீர்ப்பதில் அலுப்பே அறியாதவரே!

கருப்பன் அண்ணனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகளைப் பார்த்துவர ஷார்ஜா போய்த் திரும்பியவர், இரண்டு சீட்டையும் மேசையில் விரித்து வைத்து நியாயம் கேட்டார்.

"போறப்ப ரெண்டரை மணி நேரம். வாரப்ப அஞ்சரை மணி நேரம். நீங்களே பாருங்க, அச்சுலயே போட்டுருக்கான். சாமான் ஏத்தினா வண்டி இழுக்கலையா?"

நாகராசு "ஆமாண்ணே, வாரப்ப மேடு" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வாய் முந்திக்கொள்ளும்; அறிவு அடுத்த வண்டியில் வரும். கருப்பன் அண்ணன் அதை நம்பியே எழுந்துவிட்டார். நீங்கள்தான் அவரைத் திரும்ப உட்கார வைத்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, முள்ளைத் திருகிக் காட்டினீர்கள்.

"அந்த ஊருக் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி ஓடுதுண்ணே. சீட்டுல அந்தந்த ஊரு நேரத்தைத்தான் போடுவாங்க. போக நாலு, வர நாலு. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல."

"அப்ப இந்தத் தம்பி மேடுன்னு சொன்னது?"

"அவன் மண்டையில இருக்குற மேடு."

அன்று நாகராசு சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அவையில் அழகி அம்மா இரண்டாவது வரிசையில், மடியில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் மீமிசலிலிருந்து வந்திருக்கிறார் என்று மற்றவர்கள் அறிய, அந்த வைகாசி மாதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் நீங்கள் தங்கை வீட்டு வளைகாப்புக்காக விடுப்பில் இருந்தீர்கள். பூனை இல்லாத வீட்டில் எலி ஆடும் என்பார்கள். நம் கடையில் எலி இல்லாத குறையை நாகராசு தீர்த்து வைத்தார். உலக உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றி, கூடைப்பந்து போல விரல் நுனியில் சுழற்ற முடியும் என்று வேன் ஓட்டும் பிரசாந்திடம் பந்தயம் கட்டினார். உலகம் இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் தரைக்கு வந்தது. பசிபிக் பெருங்கடலில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

பார்சல் ஒட்டும் டேப்பால் கடலை ஒட்டினார். தாங்கியில் உட்கார மறுத்தது. உடைந்த உலகத்தைத் தண்ணீர்க் கேன்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கீழ ராஜ வீதியில் புத்தகக் கடை ஒன்றில் புதிதாய் வாங்கி வந்தார். பழையதைவிடப் பளபளப்பு. பழையதைவிடப் பெரிது, சரியாக ஒன்றரை மடங்கு. "பெருசா இருந்தா அக்காவுக்குக் கண்ணுக்கு நல்லாத் தெரியும்" என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக் கொண்டார். அந்த வாரம் வந்த குடும்பங்களுக்கு உங்கள் வழக்கம் தவறாமல் அவரே நூல் வெட்டிக் கொடுத்தார். திருச்சியில் அழுத்தினார். ஷார்ஜா வரை இழுத்தார். கத்தரித்தார். நூல் நீளமாக இருக்கிறதே என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை. உருண்டை வளர்ந்தால் நூலும் வளரும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். நாகராசு அன்று பள்ளிக்குப் போகவில்லை போலும்.

நீங்கள் விடுப்பு முடிந்து வந்த காலை. வந்த உடனேயே புது உருண்டையைப் பார்த்தீர்கள்.

"பழசு எங்க?"

"பூனை தட்டி விட்டுருச்சுக்கா."

"நம்ம கடைக்குப் பூனை எப்ப வந்துச்சு?"

நாகராசு பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கதவு படார் என்று திறந்தது. அழகி அம்மா மீன் கூடையோடு உள்ளே வந்தார். பின்னால் அவர் மகன் உதயசூரியன், அழுது சிவந்த கண்ணோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அன்று இரவு அவன் ஷார்ஜாவுக்கு ஏற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது. மறுநாள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவனுக்கு.

அழகி அம்மா மேசை மேல் இரண்டு சிவப்பு நூலை அருகருகே போட்டார். ஒன்று நாலு விரல். ஒன்று ஆறு விரல்.

"இது கோட்டைப்பட்டினத்துல எங்க நாத்தனா அன்புச்செல்விக்கு நீங்க குடுத்தது. அவ மகன் ஷார்ஜாவுல இருக்கான். இது எனக்கு இந்தத் தம்பி குடுத்தது. எம்மகனும் ஷார்ஜான்னுதான சொன்னீங்க? நேத்து வழியனுப்ப வந்தவ போன் உறையிலருந்து எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சா. வச்சுட்டு அவ ஒண்ணும் சொல்லல. அந்தச் சிரிப்பு இருக்கே! விரலுக்கு ஒரு மணி நேரம்னா, எம்புள்ளைய ரெண்டு மணி நேரம் தாண்டி எங்கிட்டுக் கொண்டுபோய் விடப்போறீங்க?"

"ஷார்ஜாதாம்மா" என்றாள் வைஷ்ணவி, செல்போனை நீட்டி. "இங்க பாருங்க, திருச்சியிலருந்து ஷார்ஜா, கிலோமீட்டர்லயே போட்டுருக்கு."

"கிலோமீட்டர் எனக்கு எதுக்கு? நான் என்ன நடந்தா போறேன்? பேரு ஷார்ஜான்னு சொல்லி அங்கிட்டு எறக்காம, பாலைவனத்துல ஒட்டகம் மேய்க்க விட்டவன் கதையெல்லாம் எங்க ஊரு மீன் ஏலக் கொட்டாயில கேட்டுருக்கேன். இவன் பாஸ்போட்டு என் கூடையில இருக்கு. ஆறு விரலுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

மீன் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வாசலில் நின்ற பையன், "ஆத்தா, நூலுக்காகவா ஆத்தா!" என்றான்.

நாகராசுவுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் முதலில் வந்தது, தன் வேலை. அடுத்துத்தான் அந்தப் பையனின் வேலை நினைவுக்கு வந்தது. அந்த வரிசையை நினைத்துத்தான் இன்றும் அவருக்குக் கூசுகிறது. உள்ளறையில் முதலாளி செல்லமுத்து ஐயா போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் போட்டால் அவர் வெளியே வந்துவிடுவார். நாகராசு மின்விசிறியைப் பார்த்தார். விசிறி அவருக்கு உதவவில்லை.

நீங்கள் இரண்டு நூலையும் எடுத்தீர்கள். புது உருண்டையைப் பார்த்தீர்கள். நாகராசுவைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் பூனை, பந்தயம், டேப், புத்தகக் கடை எல்லாம் வந்து போயின என்று அவர் இன்றும் சத்தியம் செய்கிறார்.

"போய் எடுத்துட்டு வா" என்றீர்கள். அவ்வளவுதான்.

தண்ணீர்க் கேனுக்குப் பின்னாலிருந்து பழைய உலகம் வந்தது, பசிபிக்கில் பிளாஸ்திரியோடு. அதையும் புதியதையும் அழகி அம்மா முன்னால் வைத்தீர்கள்.

"நூல் வெட்டினதுல தப்பு நடந்துபோச்சு, அழகி. எங்க தப்பு. நீங்களே வச்சுப் பாருங்க."

"எங்க தப்பு" என்றீர்கள். "இவன் தப்பு" என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. பக்கத்திலேயே ஆள் நின்றார். சுட்டிக்காட்ட விரலும் இருந்தது. உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அந்த "எங்க" என்ற சொல்லுக்குள் நாகராசு போய் ஒண்டிக்கொண்டார். மூன்று வருடமாகியும் வெளியே வரவில்லை.

அழகி அம்மா சின்ன நூலைச் சின்ன உருண்டையில் வைத்தார். திருச்சியிலிருந்து ஷார்ஜா. பெரிய நூலைப் பெரிய உருண்டையில் வைத்தார். திருச்சியிலிருந்து அதே ஷார்ஜா. பிறகு நூலை மாற்றி வைத்துப் பார்த்தார். பெரிய நூல் சின்ன உருண்டையில் ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய் விழுந்தது. இரண்டு முறை அப்படிச் செய்தார். அப்புறம் கூடைப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"பாவாடைக்கு எடுத்த அளவுல சேலைய வெட்டுன கணக்கா இருக்கு" என்றார், நாகராசுவைப் பார்த்து.

பையன் மூச்சு விட்டான். ஆனால் கூடை இன்னும் மடியில்தான் இருந்தது.

"அது கெடக்கட்டும்க்கா. நூல் நாலு விரலோ ஆறு விரலோ. எனக்கு ஒண்ணுன்னா, கூப்பிட்டா, எம்புட்டு நேரத்துல வருவான்?"

இதுதான் கேள்வி. தூரம் கேட்ட எல்லாத் தாயும் கேட்டது இதைத்தான் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. நாகராசுவுக்கு இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் அவர் கைதட்டிச் சொல்வது: "கண்ண மூடித் தொறந்தா வந்துருவான், நாலே மணி நேரம்!" அன்றும் அவர் வாய் திறந்தது. நீங்கள் கை காட்டி நிறுத்தினீர்கள்.

"விமானம் நாலு மணி நேரத்துல வரும். அவன் வர மாட்டான்" என்றீர்கள்.

நாகராசு திறந்த வாயை மூடினார்.

"மொத அவன் மொதலாளிகிட்ட லீவு கேக்கணும். அவரு சரிங்கணும். டிக்கெட்டு இருக்கணும். அங்க காத்துக் கெடக்கணும், திருச்சியில எறங்கிப் பெட்டிக்கு நிக்கணும், அங்கேருந்து மீமிசலுக்கு வண்டி புடிக்கணும். ஒரு நாள் வச்சுக்கங்க. ரெண்டு நாளும் ஆகலாம். நாலு மணி நேரம்னு நான் சொன்னா நீங்க அஞ்சாவது மணி நேரத்துலருந்து வாசலைப் பாக்க ஆரம்பிச்சுருவீங்க. அதான் சொல்ல மாட்டேன்."

ஒரு விற்பனையாளர் சொல்லக்கூடாத பதில் அது. அழகி அம்மா கூடையில் கைவிட்டு, நெகிழிப் பையில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாலு மணி நேரம்னு சொல்லியிருந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருப்பேன். ரெண்டு நாள்னு சொன்னீங்க பாருங்க, அப்ப ஷார்ஜான்னு சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்."

பிரசாந்த் அன்று வேனை ஓட்டிய விதத்தை விமானிகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். உதயசூரியன் ஏறினான். விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டு "என்ன மீன்?" என்று கேட்டதாகப் பிரசாந்த் சொல்கிறார். பிரசாந்த் சொல்வதில் எப்போதும் பாதியைக் கழித்துக்கொள்வது கடையின் வழக்கம். ஆனால் மீன் வாசம் மட்டும் உண்மை. வேனில் ஒரு வாரம் இருந்தது.

மறுவருடம் அழகி அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மகனைப் பார்க்க வேண்டும் என்றார். போன் போனது. சுற்றம் எல்லாம் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பதறியபோது, படுக்கையில் கிடந்தவர்தான் அவர்களை அதட்டினாராம்: "சும்மா இருங்க! பரிமளாக்கா ரெண்டு நாள்னு சொல்லியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஆகல." அவன் அதற்கு முன்பே வந்து சேர்ந்தான். இதோ, அதே அழகி அம்மா தம் காலால் நடந்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நம்பிக்கை என்று மேடைகளில் பெரிதாகப் பேசுகிறோம். அன்று அந்தப் படுக்கையில் அது உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தது.

மெய்யுரையால் மேன்மை பெற்றவரே! பிறர் பிழையைத் தம் பிழையாய்ப் பெருந்தன்மையோடு ஏற்றவரே!

நாளை முதல் உங்கள் நாற்காலியில் நாகராசு உட்காருவார். நாங்கள் இதை வாழ்த்தாகச் சொல்கிறோமா எச்சரிக்கையாகச் சொல்கிறோமா என்று எங்களுக்கே தெளிவில்லை. ஆனால் கடந்த திங்கட்கிழமை ஒரு தாய் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்து, "ஒரு நாள் வச்சுக்கங்கம்மா. ரெண்டும் ஆகலாம்" என்றது. உள்ளே கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த நீங்கள் அதைக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. கோப்பு அடுக்குகிற சத்தம் மட்டும் ஒரு நிமிடம் நின்றது.

நீங்கள் அறந்தாங்கியில் தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறப் போகிறீர்கள். நாகராசு உங்களிடம் கேட்டார்: "அக்கா, நாங்க கூப்பிட்டா எம்புட்டு நேரத்துல வருவீங்க?"

"பஸ்ஸு ஒரு மணி நேரத்துல வந்துரும். நான் வர ஒரு நாள் வச்சுக்க" என்றீர்கள், தலை நிமிராமல்.

மாவட்டத்துக்கே நூல் வெட்டிக் கொடுத்தவருக்கு ஒரு நூல் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. நேற்று மாலை கடையடைத்தபின் பழைய உருண்டையை எடுத்தோம். புதுக்கோட்டையில் ஒரு முனையை வைத்து நாகராசு பெருவிரலால் அழுத்தினார். மறுமுனையை அறந்தாங்கிக்கு இழுக்கப் பார்த்தார். அறந்தாங்கியும் அவர் விரலுக்கு அடியிலேயே இருந்தது. கத்தரிக்க இடமே கிடைக்கவில்லை. பெரிய உருண்டையிலும் பார்த்தோம்; அதிலும் நூலின் தடிமன்தான் தூரம். வெட்ட முடியாத நூலை என்ன செய்வது? இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டோம். இந்த மடலின் கண்ணாடிக்குள், வலப்பக்கக் கீழ் மூலையில், சிவப்பாகக் கடுகு போல இருக்கிறதே, அது அச்சகத்தார் சிந்திய மை இல்லை. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தொலைவு அதுதான்.

உங்கள் ஆயுள் பெரிய உருண்டையில் அளந்த நூலாக நீளட்டும்! உங்கள் முழங்கால் வலி சின்ன உருண்டையில் அளந்ததாகக் குறுகட்டும்! உண்ட சோறு செரித்து, உறங்கும் இரவு இனித்து, உங்கள் சொல் கேட்டு அனுப்பிய பிள்ளைகள் எல்லாம் போன வேகத்திலேயே வீடு வந்து சேர, நீங்கள் நெடுநாள் நலமாய் இருந்து எங்களை அதட்ட வேண்டும்!

நாங்கள் கூப்பிடுவோம், அக்கா. ஒரு நாள் ஆகட்டும், ரெண்டு நாளும் ஆகட்டும். அஞ்சாவது மணி நேரத்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

உங்கள் "எங்க" என்ற சொல்லுக்குள் என்றும் அடங்கிய,
பாய்மரம் டிராவல்ஸ் ஊழியர்கள்,
புதுக்கோட்டை